55.42: நூறில் ஒரு செகண்ட் எவ்வளவு தூரம்?

போன எபிசோடில் டேட்டாபேஸ் இன்டெக்ஸ் பற்றி ஒரு மணி நேரம் பேசியதைக் கேட்டுவிட்டு எங்க அக்கா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "டேய் தம்பி, நீ பேசறது ஒண்ணும் புரியலடா. பாப்பாவுக்குப் புரியற மாதிரி ஏதாச்சும் பேசு. அந்த வித்யா ராம்ராஜ், 55.42, அது என்னன்னு சொல்லு." அவ்வளவுதான் வாய்ஸ் நோட். அதனால் இந்த வாரம் கோடு கிடையாது, ஹர்டில்ஸ் மட்டும்தான்.

பாப்பான்னா அக்கா பொண்ணு. ஆறாவது படிக்கிறா, சங்ககிரி பக்கம் வீடு. மாமா லாரி தொழில். பாப்பா ஓடுவா, நல்லாவே ஓடுவா. நம்ம அரசாங்கத்தோட விளையாட்டு விடுதிகளில் ஏழாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். அடுத்த செலக்‌ஷனுக்கு அவளை அனுப்பலாமா வேண்டாமா என்று அந்த வீட்டில் இரண்டு மாதமாகப் பஞ்சாயத்து நடக்கிறது. "பொம்பளப் புள்ளைய ஆஸ்டல்லயா" என்பது ஒரு கட்சி. எங்க அக்கா இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் போட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். 400 மீட்டர் ஹர்டில்ஸ் என்றால் மைதானத்தை ஒரு முழு ரவுண்டு, வழியில் பத்துத் தடைகள். கோட்டிலிருந்து முதல் தடை 45 மீட்டர். அதற்கப்புறம் ஒவ்வொரு தடைக்கும் நடுவில் 35 மீட்டர். பத்தாவது தடையிலிருந்து முடிவுக்கோடு 40 மீட்டர். கூட்டிப் பார்த்தால் சரியாக 400 வரும். பெண்களுக்குத் தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 91.4. தடையைத் தட்டிவிட்டால் தோற்றுப்போனோம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வேண்டுமென்றே தள்ளாத வரைக்கும் எத்தனை விழுந்தாலும் பரவாயில்லை. மேல் கட்டையில் 3.6 கிலோவிலிருந்து 4 கிலோ வரை விசை பட்டால் கவிழ்கிற மாதிரித்தான் அதைச் செய்யவே வேண்டும் என்று விதி இருக்கிறது.

இந்த விதி எங்க பீட்டி சாருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர் கையில் காசு கிடையாது. ராசிபுரம் பக்கத்தில் எங்க அரசுப் பள்ளிக்கு ஹர்டில்ஸ் வேண்டுமென்று, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் மிச்ச இரும்பை வெல்டிங் பண்ணி நாலு செய்து வாங்கிட்டு வந்தார். நாலே நாலு. எட்டு லேனுக்கும் முழு செட் என்றால் எண்பது வேண்டும். அந்த நாலும் கவிழவே கவிழாது, நாமதான் கவிழணும். என் வலது முழங்காலுக்குக் கீழே இன்னும் ஒரு தழும்பு இருக்கு, அக்காவுக்கு ரெண்டு இருக்கு.

அக்கா என்னைவிட மூணு வருஷம் மூத்தவங்க, என்னைவிட நல்ல ஹர்ட்லர். மரியாதைக்குச் சொல்லவில்லை, பள்ளிக்கூடமே சொன்னது. நான் கோட்டுக்கு வெளியே நின்று அவங்க ஸ்டெப்பை எண்ணணும், அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. ஒரு தடையில் இறங்கினதிலிருந்து அடுத்த தடைக்குத் தாவுகிற வரைக்கும் எத்தனை அடி? சார் கத்துவார்: "எண்ணுடா தம்பி! கண்ணு தப்புச் சொல்லும், எண்ணிக்கை சொல்லாது!"

பாப்பா, இந்த விளையாட்டில் உண்மையான விஷயமே அந்த எண்ணிக்கைதான். 35 மீட்டர் இடைவெளியில் தாவுவதற்கு முன்னால் ஒரு ரெண்டு மீட்டரும், இறங்கின பிறகு ஒரு மீட்டரும் காற்றிலேயே போய்விடும். ஓடுவதற்கு மிச்சம் 32 மீட்டர். அதை 15 அடியில் ஓடினால் ஒரு அடி 2.13 மீட்டர். 17 அடியில் ஓடினால் ஒரு அடி 1.88 மீட்டர். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு தடையிலும் ஒரே கால்தான் முன்னால் போகும். 16 மாதிரி இரட்டைப்படையாக வந்துவிட்டால் கால் மாறிப்போகும். இடது காலால் தாவிப் பழகினவருக்கு எட்டாவது தடை வந்து நிற்கும்போது வலது கால்தான் கையில் இருக்கும், அதாவது காலில் இருக்கும். பத்துத் தடையும் ஒரே எண்ணிக்கையில் ஓடிவிட யாருக்கும் ஆசைதான். ஆனால் முந்நூறு மீட்டர் தாண்டினால் கால் கனத்துவிடும், அடி சுருங்கிவிடும். எங்கே 15-ஐ விட்டு 16-க்கோ 17-க்கோ மாறுவது என்பதை முன்கூட்டியே முடிவு பண்ணி, பல மாதம் அதையே பயிற்சி பண்ணி, போட்டி நாளில் எதிர்க்காற்று அடித்தால் அந்த முடிவை ஓடிக்கொண்டே மாற்றவும் தெரியணும். 100 மீட்டர் ஹர்டில்ஸில் இந்தத் தலைவலி இல்லை. அங்கே இடைவெளி 8.5 மீட்டர், மூணே அடி, எல்லாருக்கும் மூணு அடி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் இந்த ரெண்டு போட்டிக்கும் ஆள் இருக்காங்க. வித்யா, நித்யா. 1998-இல் பிறந்த இரட்டையர். வித்யா 400 மீட்டர் ஹர்டில்ஸ், நித்யா 100 மீட்டர் ஹர்டில்ஸ். அப்பா ராம்ராஜ் சரக்கு வண்டி ஓட்டியவர். நம்ம நாமக்கல், சங்ககிரி பக்கம் வண்டி ஓட்டுகிற வீட்டில் வருமானம் எப்படி வரும், எப்படி நிற்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருமானத்தில் ஒரு பிள்ளையை ஓட விடுவதே பெரிய விஷயம். அங்கே ரெண்டு பிள்ளைகள், ரெண்டும் பெண்கள், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில். ஷூ வாங்கினால் ரெண்டு ஜோடி. சாதனைக் கணக்கெல்லாம் இருக்கட்டும், எனக்கு முதலில் அந்த ஷூ கணக்குத்தான் கண்ணில் படுகிறது.

சரி, 55.42-க்கு வருவோம். அதற்கு 1984-க்குப் போகணும். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கு 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஒலிம்பிக்கில் வந்ததே அந்த வருஷம்தான். ஆகஸ்ட் 8, இறுதிப் போட்டி. கேரளாவின் பையோலியிலிருந்து போன பி.டி. உஷாவுக்கு அப்போது இருபது வயது. அரையிறுதியில் அவர்தான் முதல். இறுதிப் போட்டியில் துப்பாக்கி வெடித்ததும் நன்றாகக் கிளம்பினார், ஆனால் வேறொரு லேனில் ஃபால்ஸ் ஸ்டார்ட். எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டார்கள். மறுபடியும் ஓடினார்கள். மொராக்கோவின் நவால் எல் மூத்தவக்கில் 54.61, தங்கம். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20, வெள்ளி. ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41, வெண்கலம். உஷா 55.42.

நூறில் ஒரு செகண்ட். அது எவ்வளவு தூரம்? பாப்பா, நோட்டை எடு. 400-ஐ 55.42-ஆல் வகுத்தால் ஒரு செகண்டுக்கு 7.2 மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு 7.2 சென்டிமீட்டர். கடைசியில் வேகம் குறைந்திருக்கும், அதனால் இன்னும் கொஞ்சம் கம்மி. உன் அம்மா கையில் நாலு விரலைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு. ஒரு முழு மைதானத்தைச் சுற்றி, பத்துத் தடை தாண்டி வந்து, நாலு விரல் அகலத்தில் ஒரு ஒலிம்பிக் பதக்கம் போச்சு.

உஷா பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் ஒன்று இருக்கு. ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் அங்கே இருந்தார். சத்தான சாப்பாடு இல்லாதது கடைசி 35 மீட்டரில் தெரிந்தது என்று சொல்லியிருக்கிறார். கஞ்சி நமக்கு வீட்டுச் சாப்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் உலகத்தின் எட்டுப் பேரில் ஒருவராகக் கோட்டில் நிற்கிற பெண்ணுக்கு என்ன சாப்பாடு வேண்டும் என்று யோசிக்க ஒரு ஆள் கூடவா போகவில்லை? இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும், எடிட்டிங்கில் குறைத்திருக்கிறேன்.

அந்த 55.42 இந்தியாவின் தேசிய சாதனையாக உட்கார்ந்தது. 1985-இல் ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பில் உஷா ஐந்து தங்கம் வாங்கினார், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இதே ஹர்டில்ஸில் தங்கம். ஆனால் அந்த நேரத்தை அவரே மறுபடி தாண்டவில்லை. வேறு யாரும் தாண்டவில்லை. முப்பத்தொன்பது வருஷம். நான் பிறந்தது, பத்தாவது முடித்தது, இன்ஜினியரிங் முடித்தது, வேலைக்குப் போனது எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஏன் அவ்வளவு வருஷம் என்று கேட்டால் உஷா அவ்வளவு பெரிய ஆள் என்பது பாதிப் பதில். மீதிப் பதில் எங்க பள்ளிக்கூடத்து நாலு இரும்பு ஹர்டில்ஸ். எண்ணிப் பழக வேண்டிய வயதில் எண்ணுவதற்குத் தடையே இல்லை. ஓட்டத்துக்குச் சுண்ணாம்புக்கோடு போட்ட மண் தரை போதும். ஹர்டில்ஸுக்கு அது போதாது.

வித்யா ஆரம்பத்தில் தடையில்லாத ஓட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார். பிறகு ஹர்டில்ஸ். சென்னையில் நேபால் சிங் ரத்தோரின் பயிற்சி, தெற்கு ரயில்வேயில் பாலக்காடு கோட்டத்தில் வேலை. 2023 செப்டம்பரில் சண்டிகரில் ஒரு கிராண்ட் பிரீ போட்டி. அங்கே அவர் ஓடிய நேரம் 55.43.

கவனிச்சீங்களா? உஷா பதக்கத்தை நூறில் ஒரு செகண்டில் விட்டார். வித்யா உஷாவை நூறில் ஒரு செகண்டில் விட்டார். அதே நாலு விரல்.

மூணு வாரம் கழித்து சீனாவின் ஹாங்சோ, ஆசிய விளையாட்டு. அக்டோபர் 2 காலை தகுதிச் சுற்று. வித்யா 55.42. உஷாவின் நேரம் அப்படியே. உஷா அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர், அதையும் சேர்த்து யோசிச்சுப் பாருங்க.

இங்கே ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம், என் ஆசைக்கு. முடிவுக்கோட்டுக் கேமரா ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் பார்க்கும். ஆனால் அதிகாரப்பூர்வமாக எழுதும்போது அடுத்த நூறில் ஒரு பங்குக்கு ஏற்றி எழுதுவார்கள், இறக்குவது கிடையாது. 55.411-ம் 55.42 தான், 55.420-ம் 55.42 தான். ஆக, சமம் என்று எழுதியிருக்கிற இந்த ரெண்டு 55.42-க்கும் நடுவில் ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம்கூட இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நாங்க ரவுண்டிங் எரர் என்று சொல்வோம். ரெண்டு பேரும் சேர்ந்து வைத்திருக்கிற சாதனை ரவுண்டிங்குக்குள்ளே ஒளிந்திருக்கிறது, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு.

பத்திரிகைகள் எல்லாம் அந்த 55.42-ஐத்தான் தலைப்பாகப் போட்டன. எனக்கு அதைவிட அடுத்து நடந்ததுதான் பெரிசு. காலையில் ஹர்டில்ஸ் ஓடிய அதே அக்டோபர் 2 மாலையில் கலப்பு 4 X 400 தொடரோட்டம். முகமது அஜ்மல், வித்யா, ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன். மூன்றாவதாக வந்தார்கள், முன்னால் வந்த இலங்கை அணி தகுதி நீக்கம் ஆனதால் வெள்ளி. நாலு பேரில் மூணு பேர் தமிழ்நாடு. மறுநாள் அக்டோபர் 3, ஹர்டில்ஸ் இறுதி. பஹ்ரைனின் அடெகோயா 54.45, சீனாவின் மோ ஜியாடி 55.01, வித்யா 55.68, வெண்கலம். அதற்கு மறுநாள் பெண்கள் தொடரோட்டம், அதிலும் வெள்ளி. மூணு நாளில் குறைந்தது நாலு தடவை 400 மீட்டர், மூணு பதக்கம். இறுதியில் 55.68 என்பது முந்தின நாளைவிடக் கால் செகண்டுதான் கூடுதல். நடுவில் ஒரு தொடரோட்டம் ஓடிய காலுக்கு அது கம்மி என்றுதான் நான் சொல்வேன்.

மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால்? ஜப்பான் ஹர்டில்ஸில் நீண்ட பாரம்பரியம் உள்ள நாடு. அவர்களுடைய டாய் தமேசுவே 170 சென்டிமீட்டர் உயரம்தான், எல்லாரையும் விடக் குள்ளம், ஆனால் 2001-லும் 2005-லும் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினார். 2001-இல் ஓடிய 47.89 ஜப்பான் சாதனை. நீளமான கால் இருந்தால்தான் ஹர்டில்ஸ் என்று சொல்கிறவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன். அதே ஜப்பானில் பெண்கள் சாதனை, சதோமி குபோகுரா 2011-இல் ஓடிய 55.34. நம்ம 55.42-க்கும் அதற்கும் எட்டே நூறில் ஒரு பங்குகள். உலக சாதனை வேறு கிரகம்: அமெரிக்காவின் சிட்னி மெக்லாஃப்லின் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50.37. அதே பாரிசுக்கு வித்யாவும் போனார், ஆனால் ஹர்டில்ஸுக்கு இல்லை, தொடரோட்டத்துக்கு. ஹர்டில்ஸுக்கு வைத்த தகுதி நேரம் 54.85. தொடரோட்ட அணி 3:32.51-இல் தன் சுற்றில் கடைசியாக வந்தது. பாப்பா, இதையும் தெரிஞ்சுக்கோ. எல்லா நாளும் ஹாங்சோ கிடையாது.

ஆண்களில் நம்ம கொங்குப் பக்கத்து ஆள் ஒருத்தர் உண்டு, சொல்லாமல் விட்டால் திருப்பூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவிநாசிப் பக்கம் ராவுத்தம்பாளையத்து தருண் அய்யாசாமி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 48.96, வெள்ளி. 49-க்குக் கீழே ஓடிய முதல் இந்தியர். கத்தாரின் சம்பா 47.66-இல் எங்கேயோ போய்விட்டார், ஜப்பானின் அபே 49.12-இல் மூன்றாவது. தருணுக்குச் சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா பூங்கொடி டீச்சர் வேலை பார்த்து வளர்த்தவர். அம்மாவின் சம்பளம் 14,000 ரூபாய் என்று தருண் ஜெயித்த அன்று சொன்னதைக் கேட்டு எங்க அம்மா டிவியை நிறுத்திவிட்டு எழுந்து போனாங்க.

ஏன் எழுந்து போனாங்க என்று எனக்கு அப்போது புரியவில்லை. இப்போது சொல்கிறேன், அக்கா அனுமதியோடு.

அக்கா பத்தாவதில் மாவட்டப் போட்டி வரைக்கும் போனாங்க. ஏழு தடை வரைக்கும் முதல் ஆள். எட்டாவதில் கால் மாறியது, மூணாவதாக வந்தாங்க. சார் வீட்டுக்கே வந்து அப்பாகிட்டப் பேசினார்: "ஏனுங்க, புள்ளைய விடுதில சேத்துங்க. எண்ணிக்கைய நான் சொல்லிக்குடுத்தாப் பத்தாது, கூடவே ஓடறதுக்கு ஆள் வேணும்." அப்பா காபி கொடுத்தார், தலையாட்டினார், அனுப்பிவிட்டார். அடுத்த ஜூன் மாதம் அக்கா ஹாஸ்டலுக்குத்தான் போனாங்க, ஆனால் பிளஸ் டூ மார்க்குக்குப் பெயர் போன நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஹாஸ்டல். டைம்டேபிளில் பீட்டி என்று எழுதியிருக்கும், அந்த நேரத்தில் கெமிஸ்ட்ரி டெஸ்ட் நடக்கும். மூணு வருஷம் கழித்து நானும் அதே ரகப் பள்ளிக்கூடம்தான். நான் வருத்தப்படவில்லை. நான் எட்டாவது தடைக்கு முன்னாலேயே மூச்சு வாங்குகிற ஆள், எனக்கு அந்தப் படிப்பால் சோறு கிடைக்கிறது. ஆனால் அக்கா கணக்கு வேறே. எங்க வீட்டில் யாரும் அக்காவைத் தடுக்கவில்லை என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். தடுக்கவில்லை, உண்மைதான். வேற பக்கம் பஸ் ஏற்றிவிட்டோம்.

ஹாங்சோ ஓட்டம் நடந்த அன்று அக்கா போன் பண்ணினாங்க. ஹலோ கூட இல்லை. "தம்பி, அந்தப் புள்ள எட்டாவதுல எந்தக் கால்ல தாண்டுச்சுன்னு பார்த்தியா?" நான் பார்க்கவில்லை. நேரத்தைத்தான் பார்த்தேன்.

விடுதி என்றால் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். காலை அஞ்சு மணிக்கு எழுப்புவாங்க, வீட்டு ஞாபகம் வரும், காயம் ஆகும். சேர்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தேசியப் போட்டியைக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த வீட்டில் "ஆஸ்டல்லயா" என்று கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயப்படுகிறார்கள். ஆனால் ஒன்று கேட்கணும்னு தோணுது. மார்க்குக்காக அதே வயதுப் பிள்ளையை ஹாஸ்டலில் விடும்போது நம்ம ஊரில் யாரும் இப்படிப் பயப்படுவதில்லையே, அது ஏனுங்க?

இந்த எபிசோட் ரெக்கார்ட் பண்ணுவதற்கு முன்னால் அக்கா ஒரு வீடியோ அனுப்பினாங்க. லாரி ஷெட்டு வாசல். டேப் வைத்து 35 மீட்டர் அளந்து, ரெண்டு பெயின்ட் டப்பா மேல் பிளாஸ்டிக் பைப் வைத்து மூணு தடை. தட்டினால் உடனே விழும், விதிப்படி சரியான ஹர்டில். பைப்பை எடுத்து வைக்கிற வேலை மாமாவுக்கு. பாப்பா ஓடறா. அக்கா கேமராவுக்குப் பின்னாலிருந்து சத்தமாக எண்ணறாங்க. முதல் இடைவெளி 19. ரெண்டாவது இடைவெளி 20, கால் மாறியது அப்பட்டமாகத் தெரியுது. பாப்பா அந்தத் தடையையும் மாறின காலாலேயே தாண்டிட்டுப் போறா, ஒன்றுமே நடக்காத மாதிரி.

விடுதி விண்ணப்பத்தை நான் பிரின்ட் எடுத்து அனுப்பிட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கேன், மாமா.